தாம்பரத்துக்கு அந்தாண்ட ஒரு வீடு! கூடுவாஞ்சேரிக்குக் குடிபோகிறவர்கள் படும் பாடு

சென்னை பீச் ஸ்டேஷன். மாலை ஆறரை மணி.

செங்கல்பட்டு வண்டி பிளாட்பாரத்துக்குள் வருகிறது. வண்டி நிற்பதற்குள் பாதிப் பேர் உள்ளே! இறங்குகிறவர்களைத் தள்ளிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு, "சார், அது நம்ம சீட்டு!" என்று சண்டை வேறு. கூடுவாஞ்சேரி இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தால் ஒன்றேகால் மணி நேரத் தூக்கம். கிடைக்காவிட்டால் ஒன்றேகால் மணி நேரத் தவம்!

"எந்த ஊரு சார்?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், "மெட்ராஸ்தான்... தாம்பரத்துக்கு அந்தாண்ட" என்று பதில் வரும். கூடுவாஞ்சேரி என்று நேராகச் சொல்ல வாய் வருவதில்லை. சொந்த வீடு கட்டிக் குடிபோய் ஐந்து வருஷம் ஆனவர்களுக்கும் இதே கதைதான்!

யார் இவர்கள்?

பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, வயசான தாயார். இப்படி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? செங்கல்பட்டு வண்டியில் பெட்டிக்குப் பத்துப் பேர் அவரேதான்.

பதினொரு மாசத்துக்கு ஒரு தடவை வாடகை ஏறும். ஊருக்குத் தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவார். கரண்டு யூனிட்டுக்கு அரசாங்கம் ஒரு கணக்கு, வீட்டுக்காரர் ஒரு கணக்கு! அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. அதிலேயே, "இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர" என்று ஒரு வாசலும் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாகப் பழைய பத்து மாத அட்வான்ஸ் ராஜநடை போட்டு வருகிறது. கேட்டால், "இஷ்டம்னா இருங்க, இல்லாட்டி வேற இடம் பாருங்க!"

வேறு இடம் பார்க்கப் புறப்பட்டவர்கள்தான் சைதாப்பேட்டையில் நிற்காமல், பல்லாவரத்தில் நிற்காமல், தாம்பரத்திலும் நிற்காமல் கூடுவாஞ்சேரியில் போய் இறங்கியிருக்கிறார்கள். வண்டலூரில் ஒரு விலை, ஊரப்பாக்கத்தில் ஒரு விலை. கைக்கு எட்டும் விலை எந்த ஸ்டேஷனில் வருகிறதோ அங்கே ஒரு அரை கிரவுண்டு!

குரங்கும் போச்சு, காலேஜும் போச்சு

இந்தத் தெற்குப் பக்கத்து யாத்திரை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல.

காற்று நன்றாயிருக்கிறது என்று 1928-ல் தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரி வந்தது. ஸ்டேஷனுக்கே 'சானடோரியம்' என்று பேர் நின்றுவிட்டது. 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடியது. பாரிமுனைப் பக்கம் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் மூட்டை கட்டிக்கொண்டு தாம்பரத்துக் காட்டுக்குப் போனது. "காட்டுல போய் யார் படிப்பாங்க?" என்று அன்றைக்கும் நாலு பேர் கேட்டிருப்பார்கள்!

1980-ல் மறைமலை அடிகள் பேரில் மறைமலை நகர் என்ற துணை நகரம் திட்டமிடப்பட்டது. 1985 ஜூலையில் சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த மிருகக்காட்சி சாலை வண்டலூருக்கு மாறியது. சிங்கம், புலி, குரங்கு என்று எல்லாம் தாம்பரத்தைத் தாண்டிக் குடிபோயின. இடப் பற்றாக்குறைதான் காரணம். மனிதனுக்கும் அதே காரணம்தான். ஒரு வித்தியாசம்: மிருகங்களுக்கு அரசாங்கமே இடம் பார்த்துக் கொடுத்தது!

கடைசியாகப் போனது பஸ் ஸ்டாண்டு. தென்மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில் கட்டிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. நகரத்துக்குள் இருப்பவர்கள், "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு ஊருக்குப் போகணுமா?" என்று கத்தினார்கள். கூடுவாஞ்சேரிக்காரர் மட்டும் சத்தம் போடாமல் சிரித்துக்கொண்டார். அவருக்கு அது ஐந்தாறு கிலோமீட்டர்! முன்பெல்லாம் பொங்கலுக்கு மதுரை பஸ் பிடிக்க வேண்டுமானால் கோயம்பேடு வரை ஏறிப்போய், அதே பஸ்ஸில் தன் வீட்டு வாசல் வழியாகவே திரும்பி வரவேண்டும். இல்லாவிட்டால் பெருங்களத்தூரில் ரோட்டோரம் பெட்டி படுக்கையோடு நள்ளிரவு வரை நிற்கவேண்டும். அந்தப் பாடு தீர்ந்தது.

புரோக்கர் காட்டும் சொர்க்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனை பார்க்க வேன் வரும். போகவர வண்டிச் சத்தம் இலவசம். மத்தியானம் சாப்பாடு பொட்டலம். சித்திரை மாச வெயிலில் செம்மண் போட்டு மேடாக்கிய நிலம், சுண்ணாம்புக் கோடு, நாலு மூலையிலும் கல், வாசலில் ஒரு வளைவு, பக்கத்தில் தென்னங்கன்று! "சார், அஞ்சே நிமிஷம் ஸ்டேஷன்!" என்பார் புரோக்கர். அந்த ஐந்து நிமிஷம் யாருடைய காலுக்கு என்று அவர் சொல்லமாட்டார்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லும் முதல் யோசனை: நிலம் பார்க்கச் சித்திரையில் போகாதே, ஐப்பசி கார்த்திகையில் போ!

ஏன் தெரியுமா? செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பேர். ஊர்ப் பக்கமெல்லாம் ஏரி, தாங்கல், கால்வாய். நந்திவரம் ஏரி, ஊரப்பாக்கம் ஏரி, ஆதனூர் ஏரி என்று ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு ஓடி, கடைசியில் அடையாற்றில் போய்ச் சேரும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு வழி தெரியும். வழியில் வீடு கட்டியிருப்பதுதான் அதற்குத் தெரியாது!

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கின. ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள். மாடிக்கு ஓடியவர்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது நகையையல்ல, வீட்டுப் பத்திரத்தை! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தாழ்வான நகர்களில் பழைய பயம் மறுபடி எட்டிப் பார்த்தது.

ஆகவே, புரோக்கரை ஒதுக்கிவிட்டு அக்கம்பக்கத்து மதில் சுவரைப் பார்க்கவேண்டும். தண்ணீர் நின்ற கறை எங்கே இருக்கிறது? முழங்காலிலா, இடுப்பிலா? பால்காரரைக் கேட்டால் உண்மை வரும். டீக்கடைக்காரரைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் வரும். அந்த வட்டாரத்தில் மாடு மேய்த்த கிழவர் யாராவது இருந்தால் அவர் சொல்லுவதுதான் கடைசித் தீர்ப்பு. "இது களத்துமேடுப்பா, தைரியமா கட்டு" என்றால் கட்டலாம். "இங்கதாம்ப்பா மீன் பிடிப்போம்" என்றால் வந்த வேனிலேயே திரும்பிவிடுவது நல்லது.

பத்திரம் பத்திரம்!

ஏமாந்தவர்கள் கதை தண்ணீரில் மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கிறது.

தாய்ப்பத்திரம் உண்டா? வில்லங்கச் சான்றில் 30 வருஷத்துக்கு யார் யார் பெயர் வருகிறது? பட்டா யார் பேரில்? நிலம் நஞ்சையா, புஞ்சையா, ஏரிப் புறம்போக்கா? சர்வே வரைபடத்தில் கால்வாய்க் கோடு மனைக்குக் குறுக்கே ஓடுகிறதா? இதெல்லாம் பார்க்காமல், "பவர் இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்ற ஒரு வார்த்தையை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று ஐகோர்ட் 2016 செப்டம்பரில் உத்தரவு போட்டபோது இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குத் தூக்கம் போயிற்று. வாங்கியாயிற்று, விற்க முடியாது! பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்க வழி பிறந்தது. கட்டாமல் விட்டவர்களும் உண்டு. அவர்கள் இப்போது விற்கப் போனாலும் சங்கடம், பாங்கியில் கடன் கேட்டாலும் சங்கடம்.

பத்திரச் செலவிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை வந்தது. "அதுக்காகத்தான் என் பேர்ல எழுதினீங்களா?" என்று வீட்டம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்!

குட்டி யானையில் சாமான்

ஆடி போகட்டும், மார்கழி போகட்டும் என்று காத்திருந்து தை பிறந்ததும் பால் காய்ச்சுவார்கள். விடியற்காலையில் நிறைகுடம், உப்பு, மஞ்சள், சாமி படம் முதலில் உள்ளே போகும். மறுநாள் 'குட்டி யானை' வண்டியில் பீரோ, கட்டில், அம்மி, தையல் மெஷின் எல்லாம் ஏறும். திருவல்லிக்கேணி வீட்டில் மூன்று பேர் நடமாட இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்த சாமான், புது வீட்டுக் கூடத்தில் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. பேசினால் எதிரொலி!

அன்று ராத்திரி முதல் ஆச்சரியம்: சத்தமே இல்லை. பஸ் ஹாரன் இல்லை, பக்கத்து வீட்டு டி.வி. இல்லை. தவளைதான் கத்துகிறது. தாயாருக்குத் தூக்கம் வரவில்லை. "என்னடா இது, ஊரே செத்துப்போன மாதிரி இருக்கு?"

இரண்டாவது ஆச்சரியம் மறுநாள் காலை. கொல்லைப்புறத்தில் பாம்பு! பக்கத்து மனைகள் காலியாகக் கிடந்தால் புதர் மண்டும், புதரில் பாம்பு குடியிருக்கும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் பழைய குடித்தனக்காரர்.

தண்ணீர் கதை வேறு. குடிக்கக் கேன், புழங்க போர். கோடையில் போர் இறங்கினால் லாரி. மழையில் சாக்கடைக்கு வழியில்லாவிட்டால் கழிவுநீர் எடுக்கவும் லாரி. உள்ளே வர ஒரு லாரி, வெளியே போக ஒரு லாரி! நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சி ஆனது. 'நகராட்சி' என்று போர்டு மாறிய வேகத்தில் தெருவும் மாறிவிடும் என்று நினைத்தவர்கள் முதல் மழையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அப்புறம் விலாசம். 2019 நவம்பர் 29-ல் காஞ்சீபுரம் மாவட்டத்தைப் பிரித்து செங்கல்பட்டு மாவட்டம் ஆக்கினார்கள். அதற்கு முன் குடிவந்தவரின் ஒரு அட்டையில் காஞ்சீபுரம், ஒரு அட்டையில் செங்கல்பட்டு, மாற்றாமல் விட்ட ஒன்றில் சென்னை! ரேஷன் கார்டு, காஸ், வாக்காளர் பட்டியல், பாங்கி, பிள்ளையின் டி.சி. என்று ஒன்றுக்கு ஒன்று சாட்சி. எதை முதலில் மாற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் ஆதாரை முதலில் மாற்று என்கிறார்கள். அதை வைத்து மற்றதை ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம்.

மாதம் 100 மணி நேரம்

வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனில் காத்திருப்பு, வண்டி, இறங்கிக் கடைக்கு நடை. கூட்டிப் பார்த்தால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மாதம் 25 நாள் வேலை. ஆக, மாதத்தில் 100 மணி நேரம் ரோட்டிலும் தண்டவாளத்திலும் போகிறது! திருவல்லிக்கேணியில் இருந்தவரை பொடிநடையாகப் போய் மத்தியானம் சாப்பிட்டு வந்தவர் அவர்.

தாம்பரம் வரை வண்டிக்குப் பஞ்சமில்லை. தாம்பரத்துக்கு அந்தாண்டதான் சிக்கல். ஒரு வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று போர்டைப் பார்க்கவேண்டும். 2004 வரை மீட்டர் கேஜ் சின்ன வண்டி, அதில் தொங்கிக்கொண்டு போனவர்கள் இன்றைய அகலப் பாதைக்காரர்களைப் பார்த்து, "உங்களுக்கென்னப்பா!" என்பார்கள். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மூன்றாவது தடமும் போட்டாகிவிட்டது. 2025 ஏப்ரலில் ஏ.சி. வண்டி வேறு வந்தது. அதில் குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய்! சாதா வண்டியில் 5 ரூபாய் என்ற கணக்குக்குப் பழகின குமாஸ்தா, ஏ.சி. வண்டி போவதைப் பிளாட்பாரத்தில் நின்று மரியாதையோடு பார்த்துவிட்டு, பின்னால் வரும் வண்டியில் ஏறுகிறார்.

ஆனால் ஒன்று. இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு தனி உலகம் இருக்கிறது. ஏழு மணி வண்டி என்றால் அதே முகங்கள், அதே மூலை. சூட்கேஸை மடியில் வைத்துச் சீட்டுக் கச்சேரி. பெண்கள் பெட்டியில் பூ கட்டுகிறார்கள், கீரை ஆய்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அப்படியே அடுப்பில் போடலாம். பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டு, பெண்ணுக்கு வரன், பாங்கிக் கடனுக்கு ஜாமீன் என்று எல்லாம் பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் முடிகிறது. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், "என்ன ஆச்சு?" என்று போன் போகும். ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த திருவல்லிக்கேணிக் குடித்தனக்காரர் அப்படிக் கேட்டதில்லை!

வீட்டில் இருப்பவள் கதையை யார் எழுதுகிறார்கள்? காலை ஆறேமுக்காலுக்குக் கதவைச் சாத்தினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் திறக்கும். தெருவில் பத்து மனைக்கு மூன்று வீடு. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. கறிவேப்பிலை மறந்துபோனால் ஒரு மைல். புருஷனுக்கு வண்டி சிநேகிதம் இருக்கிறது. இவளுக்கு இருப்பது வாசல் கேட். முதல் வருஷம் அழாத பெண் இந்தப் பக்கத்தில் அபூர்வம். இரண்டாம் வருஷம் நாலாவது வீடு எழும்புகிறது. மூன்றாம் வருஷம் மாடியில் ஒரு போர்ஷன், குடித்தனக்காரர் வருகிறார். அட்வான்ஸ் எத்தனை மாசம்? வீட்டுக்காரரைத் திட்டித் திட்டி இங்கே வந்தவர் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் வாங்குறதுதான்..." என்கிறார்!

நடுராத்திரி நெஞ்சுவலி

பெரிய பயம் ஒன்று உண்டு. தாயாருக்கு ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சைப் பிடித்தால் என்ன செய்வது? திருவல்லிக்கேணியில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம். இங்கே 108-க்குப் போன் போட்டுவிட்டு, 'மகாலட்சுமி ஸ்டோர் தாண்டி, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல திரும்பி, மூணாவது மனை காலி, நாலாவது வீடு' என்று வழி சொல்லவேண்டும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தெற்கே, தாம்பரம் வடக்கே. எந்தப் பக்கம் திரும்புவது என்று அந்த நேரத்தில் யோசிக்கக்கூடாது. பகலிலேயே ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்தவர்கள் புத்திசாலிகள். சில நகர்களில் நலச்சங்கத்தார் தெருமுனையில் தெளிவாகப் பேர்ப்பலகை நட்டு, கார் வைத்திருப்பவர்கள் நம்பரைச் சேகரித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். கோயில் கட்ட வசூல் செய்வதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது!

வேலையை நம்பி வந்தவர்களுக்கு வேறு விதமான அடி. மறைமலை நகரில் 1999-ல் கார் தயாரிக்க ஆரம்பித்த போர்டு தொழிற்சாலை, மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அந்த ஒரு வருஷம் மளிகைக் கடைப் பக்கமே தலை காட்டக் கூசினார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு வேறு கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்குப் போனவர்களும் உண்டு.

"நம்ம வீடு"

தாயார் சமாச்சாரத்துக்கு வருவோம். முதல் ஆறு மாதம் அவர் வாயில் ஒரே புலம்பல். "பார்த்தசாரதியை விட்டுட்டு இந்தக் காட்டுல கொண்டுவந்து போட்டியேடா!" நந்திவரத்தில் நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது, பழைய கோயில், போய் வாங்கம்மா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஏகாதசி அன்று பத்து மணிக்கு மேல், ஆபீஸ் கூட்டம் ஓய்ந்த வண்டி. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறினால் திருவல்லிக்கேணி. சுவாமி தரிசனம். பழைய வீட்டு வாசலில் பத்து நிமிஷம். அங்கே இருக்கிற அம்மாள் காபி கொடுத்து, "இருந்துட்டு நாளைக்குப் போங்களேன்" என்பாள்.

"ஐயோ, முடியாதும்மா! மூணு மணி வண்டியப் புடிச்சாத்தான் இருட்டுறதுக்குள்ள நம்ம வீட்டுக்குப் போகலாம். முருங்கை வெச்சிருக்கேன், தண்ணி ஊத்தணும். மேகம் வேற கறுத்துக் கிடக்கு... ஏரி ரொம்புச்சான்னு பாக்கணும்!"